விடுபட்ட வரி

பெரம்பலூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 17 கிலோமீட்டர் சென்றால் சாலையோரத்திலேயே ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். பேருந்தில் போகிறவர்கள் சன்னல் வழியாக ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பவும் உறங்கிவிடுவார்கள். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். மூன்றடுக்கு மதில், அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், மேலே கோட்டைமேடு, கீழே பேட்டை என்று எங்கள் பகுதியில் ஓரளவு முழுமையாக எஞ்சியிருக்கும் கோட்டை அது. 17ஆம் நூற்றாண்டில் ஒரு ஜாகீர்தாரால் கட்டப்பட்டது என்கிறார்கள்.

சென்ற ஆண்டு முதுகலைத் தமிழ் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். 1751இல் இங்கே நடந்த சண்டையைப் பற்றியும், அந்தக் காலத்துக் கடிதங்களைப் பற்றியும் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். நவாபு எழுதிய கடிதம், ஆங்கிலேய ஆளுநர் எழுதிய கடிதம், பாளையக்காரர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உடையார்பாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் குறுக்கிட்டுக் கேட்டாள்: "ஐயா, இந்தக் கடிதங்கள்ல நம்ம ஊர் சனங்க எழுதுனது ஏதாச்சும் இருக்குங்களா?"

"இல்லை" என்றேன். உடனே அடுத்த கொத்தளத்தைக் காட்டப் போய்விட்டேன். அந்த ஒற்றைச்சொல் விடை சரியில்லை என்று அன்றிரவே தோன்றியது. ஏன் சரியில்லை என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் அக்கடிதங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். 1749இல் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாபு அன்வருதீன் கொல்லப்பட்டபின் அவருடைய மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குள் ஒதுங்கினார். எதிரே சந்தா சாகிபு. அவருக்குப் பின்னால் புதுச்சேரியில் துய்ப்ளே. முகமது அலியிடம் நாடு என்று பெரிதாக ஒன்றும் எஞ்சவில்லை. ஒரு மலைக்கோட்டை, சம்பளம் கேட்டு நிற்கும் படை, மை, தாள், முத்திரை இவைதான் இருந்தன. அதனால் அவர் எழுதினார். தேவனாம்பட்டணத்தில் இருந்த ஆங்கிலேய ஆளுநர் சாண்டர்சுக்கு எழுதினார். மைசூருக்கும் தஞ்சாவூருக்கும் எழுதினார். ஓர் அரசு தன்னை அரசு என்று நிறுவிக்கொள்ள அந்த நாள்களில் கடிதத்தைத் தவிர வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

ஆங்கிலக் கம்பெனியோடு நம் நாட்டு அரசர்களும் பாளையக்காரர்களும் கொண்ட இந்தக் கடிதப் போக்குவரத்தைச் சென்னை அரசு அச்சகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் ஆவணங்கள்' வரிசையில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. இவற்றின் தாளநகல்களைத் தரவிறக்கிப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் ஏற்பட்டது வியப்பு, பிறகு சலிப்பு. பெரும்பாலான கடிதங்கள் இரண்டே செய்திகளைச் சொல்பவை. ஒன்று, பணம் அனுப்புங்கள். இன்னொன்று, பணம் அனுப்ப இயலாமைக்கு வருந்துகிறேன். இவற்றைச் சுற்றிலும் நட்பு, உறுதி, இறைவனின் அருள் முதலான சொற்கள் அணிவகுத்து நிற்கும்.

இந்தக் கடிதங்கள் உருவான விதத்தைக் கவனிக்கவேண்டும். கிராமத்தில் ஒருவன் ஒன்றைத் தமிழில் சொல்கிறான். அதைக் கேட்ட அதிகாரி தன் மேலதிகாரிக்குச் சொல்கிறான். நவாபின் முன்ஷி அதைப் பாரசீக மொழியில் எழுதுகிறார். கடிதம் பையிலிடப்பட்டு முத்திரையிடப்பட்டு ஓட்டக்காரன் கையில் கிளம்புகிறது. கம்பெனியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலமாக்குகிறார். எழுத்தர் அதைப் பேரேட்டில் படியெடுக்கிறார். நூற்றைம்பது ஆண்டு கழித்து அது அச்சாகிறது. இத்தனை கை மாறி வந்த சொல் தேயாமல் இருக்குமா?

தேய்ந்ததற்கு ஊர்ப்பெயர்களே சாட்சி. சென்னை ஆலோசனைக் குழுவில் உறுப்பினராயிருந்த ராபர்ட் ஓர்ம் 1763இல் இந்தப் போர்களின் வரலாற்றை வெளியிட்டார். அதில் வாலிகண்டபுரம் 'வால்கொண்டா' ஆகிறது. அரியலூர் 'ஏரியலோர்' ஆகிறது. உடையார்பாளையமோ 'வாரியோர்பொல்லம்'! உடையாரை 'வாரியோர்' ஆக்கிய காதைப் பற்றி என் மாணவர்கள் நெடுநேரம் சிரித்தார்கள். சிரிக்கவேண்டியதுதான். ஆனால் ஊரின் பெயரையே சரியாகக் கேட்காத காது, அந்த ஊரார் சொன்னதை மட்டும் சரியாகக் கேட்டிருக்குமா என்ற கேள்வியும் உடனே எழுகிறது.

தமிழ் படித்த எனக்கு அரியலூரும் உடையார்பாளையமும் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' வழியாகத்தான் முதலில் அறிமுகமாயின. அவருடைய தந்தையார் இசை பயின்ற கனம் கிருஷ்ணையர் உடையார்பாளைய அரண்மனையின் வித்துவான். ஐயர் சிறுவயதில் அரியலூர்ச் சடகோபையங்காரிடம் தமிழ் பயின்றார். அந்நூலில் இவை பாட்டும் புலமையும் உலவிய ஊர்கள். கம்பெனிக் கடிதங்களிலோ இவை நிலுவை வைத்திருக்கும் பாளையங்கள், ஒளிந்துகொள்ளக் காடு உள்ள பகுதிகள், அவ்வளவுதான். மழவராயரும் காலாட்கள் தோழ உடையாரும் அங்கே ஒரு தொகையின் இன்னொரு பெயர்கள். அந்தத் தொகை வரவில்லை என்பதைக் காரணமாகச் சொல்லித்தான் 1765 ஜனவரியில் நவாபின் படை ஆங்கிலேயர் துணையோடு அரியலூரையும் பிறகு உடையார்பாளையத்தையும் பிடித்தது. பாளையக்காரர்கள் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்குத் தப்பியோடினார்கள். அப்படையெடுப்பினால் ஆற்காட்டிலிருந்து திருச்சிவரை நவாபின் நிலம் இடைமுறியாமல் சேர்ந்தது என்று ஆவணங்களை வைத்து எழுதுகிறவர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் எங்கள் ஊர்கள் இருந்தன.

இனி 1751. கேப்டன் ஜின்ஜென் தலைமையில் ஆங்கிலேயப் படை தேவனாம்பட்டணத்திலிருந்து விருத்தாசலம் வழியாக வந்து வாலிகண்டபுரத்தருகே முகாமிட்டது. படைக்கு உணவுப்பொருள் திரட்டும் பொறுப்பில் இளைஞரான ராபர்ட் கிளைவும் உடன் இருந்தார். மறுபக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் வந்து இறங்கினார்கள். நடுவில் கோட்டை. பொதுவாக அதை ரஞ்சன்குடிக் கோட்டை என்றே கொள்கிறார்கள். கோட்டைத்தலைவன் இரு தரப்பாரோடும் பேச்சு நடத்தினான். இவர்களுக்கும் இல்லை என்று சொல்லவில்லை, அவர்களுக்கும் ஆம் என்று சொல்லவில்லை. ஏறத்தாழ இரண்டு வாரம் நாள் கடத்தினான். வெல்கிறவன் யாரென்று தெரியாதபோது சிறிய மனிதன் வேறென்ன செய்வான்? அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொறுமையிழந்த ஜின்ஜென் ஒரு மாலையில் பேட்டையைத் தாக்கித் தீயிட்டார். கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. கோட்டைத்தலைவன் சந்தா சாகிபின் பக்கம் சாய்ந்தான். மறுநாள் நடந்த சண்டையில் ஆங்கிலேயப் படை கலைந்து, இரவோடிரவாக ஊட்டத்தூருக்கும் பிறகு திருச்சிக்கும் பின்வாங்கியது. அடுத்த ஆண்டே காட்சி மாறியது. 1752இல் பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் அதே வாலிகண்டபுரத்தில் கிளைவிடம் சரணடைந்தார். இம்முறை கோட்டைத்தலைவன் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்திருந்தான்.

பேட்டை எரிந்தது என்பது ஓர்மின் நூலில் ஒரு வாக்கியத்துக்குள் முடிந்துவிடுகிறது. பேட்டை என்றால் என்ன? கடைத்தெரு, தறி, எண்ணெய்ச் செக்கு, தானியக் குதிர், தொழுவம், பிள்ளைத்தூளி கட்டிய விட்டம். அந்த மாலை விளக்கேற்றும் நேரத்தில் எத்தனை வீடு எரிந்தது, யார் எங்கே ஓடினார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது. படைகள் எங்கே நின்றன என்பதற்கோ பல பக்கங்கள்.

கடிதங்களின் உண்மைக்கு ஓர் எடுத்துக்காட்டும் சொல்லவேண்டும். முற்றுகையில் தவித்த முகமது அலி, உதவிக்கு வந்தால் திருச்சியையே தருவதாக மைசூரின் நஞ்சராஜாவுக்கு எழுதிக்கொடுத்தார். இது ஆங்கிலேயருக்குத் தெரியாது. 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டு வெற்றி கிடைத்தபின் நஞ்சராஜா தாளை எடுத்துக் காட்டினார். நவாபு சாக்குச் சொன்னார். மைசூர்ப் படை பிரெஞ்சுக்காரர் பக்கம் போயிற்று. போர் மேலும் நீண்டது. ஆக, முத்திரையிட்ட கடிதமும் பொய் சொல்லும். அந்தப் பொய்க்கு ஒரு பேரேடு உண்டு. எரிந்த பேட்டையின் உண்மைக்கு இல்லை.

தமிழில் எழுதப்பட்ட சான்று எதுவும் இல்லையா என்று கேட்கலாம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. 1736இல் தொடங்கி 1761 வரை புதுச்சேரியில் எழுதப்பட்டது. தமிழ் உரைநடையின் அரிய செல்வம். அவர் வழியாக அந்தக் காலத்தின் பேச்சை நம் காதால் கேட்க முடிகிறது. ஆயினும் அது துபாஷியின் நாட்குறிப்பு. ஆளுநரின் அறைக்குள் நுழைய வாய்த்தவர் கேட்ட தமிழ். வாலிகண்டபுரத்துப் பேட்டைக்காரி அந்த அறைவரை வரவில்லை.

இந்த இடத்தில் வேறொரு நாட்டின் நினைவு வருகிறது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. அந்த மாநில அரசுகளின் போர்க்காலக் கடிதங்கள் மலைபோல் எஞ்சியிருக்கின்றன. ஜார்ஜியாவின் ஆளுநர் ஜோசப் பிரௌன், 1862இல் வந்த கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டத்தை எதிர்த்துத் தம் குடியரசுத்தலைவர் ஜெபர்சன் டேவிஸுக்கு நீண்ட நீண்ட கடிதங்கள் எழுதினார். படிக்கும்போது நவாபுக்கும் சாண்டர்சுக்கும் இடையில் நடந்ததுபோலவே இருக்கிறது. ஒரே பக்கத்தில் நிற்பவர்கள்தாம், ஆனால் ஆளுக்கு ஆள் கணக்கு வேறு.

ஆனால் வட கரோலினா ஆளுநர் செபுலன் வான்ஸின் கோப்புகளில் வேறொன்றும் இருக்கிறது. ஏழை உழவர் வீட்டுப் பெண்கள் தங்கள் கைப்பட எழுதிய கடிதங்கள். எழுத்துப்பிழைகளோடு, பேசுவதுபோலவே எழுதியிருக்கிறார்கள். சோளம் இல்லை, உப்பு இல்லை, பிள்ளைகள் பசியால் அழுகிறார்கள், என் கணவனை அறுவடைக்காவது அனுப்புங்கள் என்று. அந்தக் காகிதங்களை அரசு எறிந்துவிடவில்லை. அவை ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அங்கேயும் ஒரு மௌனம் உண்டு. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதையே அந்த மாநிலம் 1830இல் சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. அதே பசியை அவர்களைவிட அதிகமாய் அறிந்த கருப்பினப் பெண்கள் ஆளுநருக்கு எப்படி எழுதியிருக்க முடியும்? ஆக, யார் கையில் எழுதுகோல் இருந்தது என்பதை முதலில் கேட்கவேண்டும். யார் துன்பப்பட்டார்கள் என்பதைக் காப்பகம் சொல்வதில்லை; யாரால் எழுத முடிந்தது என்பதைத்தான் சொல்கிறது.

இதுவரை எழுதியது வாசிப்பால் வந்தது. மாணவிக்கு நான் சொன்ன விடை தவறு என்பதை எனக்கு உணர்த்தியது வேறொன்று.

என் தந்தையார் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வெளியே புங்கமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக்கொடுப்பவராக இருந்தார். பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று நாள் முழுதும் பிறருடைய குறைகளைத் தம் அழகான கையெழுத்தில் எழுதுவார். 1999இல் கார்கில் போர் நடந்தபோது நான் இளங்கலை மாணவன். ஆங்கிலத்தில் எழுதவேண்டிய விண்ணப்பம் வந்தால் என்னை உட்காரவைப்பார்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் அம்மாள் வந்தார். மகன் படையில் இருக்கிறான். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. எந்த இடத்தில் இருக்கிறான் என்றும் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "போன தடவ லீவுல வந்தப்பவே கால் வலிக்குதுன்னு சொன்னான் தம்பி. எடது காலு. மலையில ஏறி எறங்கறதுன்னா எப்புடித் தாங்குவான்? நல்லெண்ண தேய்ச்சுவுட்டுத்தான் அனுப்புனேன். அது எப்புடி இருக்குன்னு கேளு. வலிச்சா அங்க யாருகிட்டயாச்சும் சொல்லச் சொல்லு. அவன் வாயத் தொறந்து சொல்லமாட்டான்."

நான் எழுதியது ஐந்தே வரி. படைவீரரின் எண், பெயர், பிரிவு. அவரிடமிருந்து இரண்டு மாதமாகத் தகவல் இல்லை. அவருடைய நலம் குறித்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இப்படிக்கு, இடதுகைப் பெருவிரல் ரேகை. கால்வலியை எழுதவில்லை. போர் நடக்கும்போது கால்வலியையா எழுதுவது என்று நினைத்தேன். அலுவலக ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை என்றும் நினைத்தேன். தந்தையார் பார்த்துவிட்டு, "சுருக்கமா இருக்கு, நல்லாயிருக்கு" என்றார். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஆகஸ்டில் பதில் வந்தது. தட்டச்சில் ஒரே வாக்கியம். மேற்படி படைவீரர் நலமாக உள்ளார். அம்மாள் அதை எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். நான் படித்துத் தமிழில் சொன்னேன். முகம் மலர்ந்தது. மறுபடி படிக்கச் சொன்னார். மூன்றாம் முறையும் படித்தேன். பிறகு கேட்டார்: "காலப் பத்தி ஒண்ணும் போடலையா தம்பி?"

"போடலீங்கம்மா" என்றேன். நான் எழுதவில்லை என்பதைச் சொல்லவில்லை. அவர்கள் மேல் பழி போகட்டும் என்று விட்டுவிட்டேன். "அவங்களுக்கு ஆயிரம் வேல இருக்கும்" என்று அம்மாளே சமாதானம் சொல்லிக்கொண்டு போனார்.

கேட்டதற்குத்தான் பதில் வரும். கேட்காததற்குப் பதில் வராது. அந்த அலுவலகம் தன் கடமையைச் செய்தது. வரியை விட்டவன் நான். அந்தக் கடிதத்தின் படி எங்கேனும் ஒரு கோப்பில் இருந்து, நூற்றைம்பது ஆண்டு கழித்து யாராவது அச்சிட்டால், 1999இல் பெரம்பலூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி தன் மகனின் நலம் குறித்துப் பணிவுடன் விசாரித்தாள் என்றுதான் ஆய்வாளர் எழுதுவார். எண்ணெயும் இடது காலும் இருக்கா. கூச்சமுடைய ஒரு மகனை அறிந்திருந்த தாய் அதில் இருக்கமாட்டாள். அவள் சொல்லாததனால் அன்று. சொன்னதை ஒரு கல்லூரி மாணவன் தகுதியற்றது என்று கருதியதனால்.

அப்படியானால் நவாபின் முன்ஷியும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளரும் என்னைப் போன்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். கொடியவர்களாக இருந்திருக்கவேண்டியதில்லை. மொழி கற்றவர்கள், சுருக்கமாக எழுதத் தெரிந்தவர்கள், மேலிடத்துக்கு எது வேண்டும் என்று அறிந்தவர்கள். பேட்டை எரிந்த மறுநாள் எவளோ ஒருத்தி ஏதோ ஓர் அதிகாரியிடம் மாரில் அடித்துக்கொண்டு சொல்லியிருப்பாள். அவன் அதைக் கேட்டிருப்பான். எழுதும்போது, 'அப்பகுதியில் வரி வசூல் இவ்வாண்டு குறையும்' என்று எழுதியிருப்பான். இதற்குச் சான்று கிடையாது. இது என் ஊகம். என் சொந்தக் கை செய்ததை வைத்துத்தான் ஊகிக்கிறேன்.

அந்தத் தொகுதிகளை இப்போது வேறுவிதமாகப் படிக்கிறேன். 'வசூல் குறைவு', 'குடிகள் ஓடிப்போயினர்', 'தானியம் கிடைக்கவில்லை' போன்ற தொடர்கள் வரும் இடங்களில் நிறுத்திவிடுகிறேன். முன்பு வேகமாகக் கடந்துபோன இடங்கள் இவை. ஒவ்வொன்றின் கீழும் யாரோ சொன்ன ஒரு பேச்சு நசுங்கிக் கிடக்கிறது என்று தோன்றுகிறது. அந்தப் பேச்சை மீட்க முடியாது. அது இருந்த இடத்தையாவது காட்ட முடியும்.

அந்தப் படைவீரர் அடுத்த விடுப்பில் ஊருக்கு வந்தபோது அம்மாள் அவரை எங்கள் மேசைக்கு அழைத்துவந்தார். வெற்றிலையும் பழமும் கொண்டுவந்திருந்தார்கள். தந்தையாருக்குக் கொடுத்தார்கள். அவர் அதிகம் பேசவில்லை. தாய் சொன்னதுபோலவே கூச்சக்காரர். கிளம்பும்போது நான் கேட்டேன்: "அண்ணே, இடது கால் இப்ப எப்படி இருக்கு?"

அவர் திகைத்துப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரைப் பொறுத்தவரை அது நான் எழுதிய கடிதத்தில் இருந்த செய்தி. நான் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாணவிக்கு இப்போது வேறு விடை சொல்லவேண்டும். நம் ஊர் சனங்கள் எழுதியது அதில் இல்லை, அது உண்மைதான். ஆனால் அவர்கள் சொன்னார்கள். எழுதத் தெரிந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அவளும் இன்னும் சில ஆண்டுகளில் எங்கேனும் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிறர் சொல்வதை எழுதப்போகிறவள்தான். வகுப்பு திறந்ததும் அவளிடம் இதைச் சொல்வதாக இருக்கிறேன். கால்வலியையும் சேர்த்து.